அப்பாவோட சட்டை

எங்கம்மா நடவுக்குப் போகும்போது சேலைக்கு மேல அப்பாவோட பழைய சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் போவாங்க. கேட்டா வெயிலுக்குன்னு சொல்லுவாங்க. வரப்புல குடை பிடிச்சு நின்ன பண்ணைக்காரரோட கண்ணுக்காகத்தான் அந்தச் சட்டை என்பது, பதினாலு வயசுல நானும் அதே வயல்ல குனிஞ்சப்போதான் புரிஞ்சது. சினிமாவுல நாத்து நடுற எங்க பொம்பளைங்களுக்கு இந்தச் சட்டை கிடையாது. ஏத்திக் கட்டின சேலை, ஈர முதுகு. கேமரா நிக்கிறதும் பண்ணைக்காரர் நின்ன அதே வரப்புலதான். (இதைச் சினிமாக்காரன் கண்டுபிடிக்கல. எம்.ஏ. வகுப்புல முக்கூடற்பள்ளு நடத்தினப்போ பையன்கள் எதுக்குச் சிரிச்சாங்கன்னு எனக்குத் தெரியும்.)

1936-இல் 'அச்சுத் கன்யா' என்ற இந்திப் படம் வந்தது. கஸ்தூரி என்கிற தீண்டப்படாத பெண், பிராமணப் பையனை நேசிக்கிறாள், கடைசியில் ரயிலில் அடிபட்டுச் சாகிறாள். நடித்தவர் தேவிகா ராணி, தாகூர் குடும்பத்து உறவு. ஊரே கொண்டாடியது. அதற்குச் சில வருடம் முன்னால் திருவனந்தபுரத்தில் இதன் மறுபக்கம் நடந்தது. ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' மலையாளத்தின் முதல் படம். புலையர் சமூகத்துப் பி.கே. ரோசி அதில் நாயர் பெண்ணாக நடித்தார். திரையில் கல் விழுந்தது. ரோசி ஊரைவிட்டே ஓடினார். தமிழ்நாட்டுப் பக்கம் வந்து பிழைத்தார் என்கிறார்கள். அவங்க எங்களை மாதிரி நடிச்சா கலை, நாங்க அவங்களை மாதிரி நடிச்சா கல்லடி. அந்தப் படச்சுருளும் இன்று இல்லை. 2013-இல் வந்த 'செல்லுலாயிட்' டேனியலின் கதை. ரோசி அதில் பாதியில் போய்விடுகிறார். ஓடி வந்தவள் இங்கே என்ன சாப்பிட்டாள், யாரிடம் தன் பேரைச் சொன்னாள், மறுபடி கொட்டகைக்குள் கால் வைத்தாளா? எனக்கு வேண்டியது அந்தப் படம்.

2022-இல் பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' பார்க்க அம்மாவைக் கூட்டிப் போனேன். ரெனே சாகவில்லை, யாரும் வந்து அவளைக் காப்பாற்றவும் இல்லை. எதிர்த்துப் பேசுகிறாள், காதலிக்கிறாள், சண்டை போடுகிறாள். எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மா பஸ் ஏறுகிறவரை வாயே திறக்கல. அப்புறம் கேட்டாங்க:

"குடிச்சிட்டு அவகிட்டத் தப்பா நடந்தானே, அவன எதுக்குடி திரும்பவும் கூட சேத்துக்கிட்டா?"

அவன் திருந்தணும்னுதாம்மா என்றேன்.

"அவன் திருந்துறதுக்கும் நாமதான் பக்கத்துல நிக்கணுமா?"

வீடு வரைக்கும் இதே சண்டைதான். இன்னும் தீரவில்லை.