பைக்கற்றின் மேலுள்ள பெயர்

கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருக்கும் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் காணும்போது, அந்தப் பெயர் அந்தக் கடைக்காரருக்கே சொந்தம் என்றுதான் நம்மில் பெரும்பாலானோர் எண்ணுகிறோம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் வியாபாரம் செய்யும் நம்மவர்களிடமும் இந்த எண்ணம் வேரூன்றிக் கிடக்கிறது. உண்மை அதுவன்று. பிரதேச செயலகத்தில் நாம் பதிவது, இன்ன பெயரில் இன்னார் வியாபாரம் நடத்துகிறார் என்ற தகவலை மட்டுமே. 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்தின் நோக்கமும் அதுதான். பெயர்ப் பலகைக்குப் பின்னால் நிற்கும் ஆள் யார் என்பதைக் கடன் கொடுத்தவரும் வாடிக்கையாளரும் அறிய வேண்டும். அதே பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளாமல் தடுப்பது அச்சான்றிதழின் வேலையல்ல.

என்னிடம் படித்த தோட்டத்துப் பையன் ஒருவன் இதைப் பட்டறிந்தான். லயத்தில் பிறந்தவன். கொழும்பில் தேயிலைக் களஞ்சியமொன்றில் சில காலம் வேலை செய்து, தூள் கலக்கும் நுணுக்கத்தைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினான். பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என வாங்கிக் கலந்து, சிறு பைக்கற்றுகளாக்கிக் கடை கடையாகப் போட்டான். பைக்கற்றுக்குத் தன் தாயின் பெயரை வைத்தான். முப்பது வருடத்துக்கு மேல் கூடை சுமந்து கொழுந்து பறித்த பெண் அவர். பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து சான்றிதழும் பெற்றான். மூன்றாம் வருடம் அதே பெயரில், ஏறக்குறைய அதே பச்சை நிறத்தில், வேறொருவரின் பைக்கற்று சந்தைக்கு வந்தது. அந்தத் தூளில் சாயமுமில்லை, மணமுமில்லை.

"அம்மா பேரப் போட்டு கழிவுத் தூள விக்கிறாங்க சேர்" என்று என்னிடம் வந்து நின்றான்.

அந்த வியாபாரி நம்மவர். முதல் ஸஃப்பில் நின்று தொழுபவர். பையனையும் அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன். மரியாதையாக உட்கார வைத்து, பிளேன்டீயும் தந்தார். பிறகு சொன்னார்: "மாஸ்டர், இந்தப் பேர் இவர்ட அம்மாக்கு மட்டுமா ஈக்கிது? கொழும்பில பதிஞ்சீக்கா எண்டு கேளுங்களே."

கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி சட்டப்படி சரியானது. ஒரு பெயரையோ அடையாளத்தையோ தனக்கே உரியதாக்கிக்கொள்ள, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாக அதனைப் பதிய வேண்டும். விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, பிரசுரிக்கப்பட்டு, ஆட்சேபனைக்கு அவகாசம் தரப்பட்ட பின்னரே பதிவு கிடைக்கும். அது பத்து வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதியாத வியாபாரப் பெயருக்கும் அச்சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பிறர் பெயரைக் காட்டி வாடிக்கையாளரை மயக்குவது நியாயமற்ற போட்டி என்கிறது. ஆயினும் அதை நிரூபிக்கக் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தின் படியேற வேண்டும். நூறு கிராம் பைக்கற்று விற்பவனுக்கு அது எட்டாத படி.

பெரிய பெயர்களுக்குக் காவல் உண்டு. 1972இல் நாடு இலங்கைக் குடியரசானபோதும் தேயிலை 'சிலோன் டீ' ஆகவே நின்றது. உலகச் சந்தையில் அந்தப் பெயருக்கிருந்த பெறுமதி அப்படி. வாளேந்திய சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. முழுவதும் இலங்கைத் தேயிலையாக இருந்து, இங்கேயே பொதி செய்யப்பட்ட பைக்கற்றுக்கே அது கிடைக்கும். நுவரெலியா, திம்புளை, ஊவா போன்ற பெயர்களும் அப்படித்தான். வெறும் ஊர்ப் பெயரைத் தனியொருவர் தன் வியாபாரக் குறியாகப் பதிந்துகொள்ள முடியாது. அது அந்த மண்ணுக்கும் அதில் உழைப்போருக்கும் பொதுவானது. இந்தியாவில் புவிசார் குறியீடாக முதலில் பதியப்பட்டதும் ஒரு தேயிலையின் பெயர்தான்: டார்ஜிலிங், 2004இல்.

புலமைச் சொத்துச் சட்டத்தின் இலக்கம் 36 என்றேன். அதே வருடத்தின் 35ஆம் இலக்கச் சட்டம் எது தெரியுமா? இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரில் எஞ்சியிருந்தவர்களுக்கு, 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் சந்ததியினருக்கும், அது பிரஜாவுரிமை தந்தது. பொருட்களின் பெயரைக் காக்கும் சட்டமும், அப்பொருளை உண்டாக்கிய மனிதரை இந்நாட்டவர் என்று ஏற்ற சட்டமும் அடுத்தடுத்த இலக்கங்களில் நிற்கின்றன. என் மாணவனின் தாய் அந்த 35ஆம் இலக்கத்தால் பிரஜையானவர். அதுவரை அவரது பெயர் தோட்டத்துச் செக்ரோலில் மட்டுமே இருந்தது. அந்தப் பெயரைத்தான் மகன் பைக்கற்றின் மேல் அச்சிட்டான். நம்மவர் எடுத்துக்கொண்டதும் அதைத்தான்.

இங்கே சட்டத்தை விட மார்க்கம் முந்திப் பேசுகிறது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட நபியவர்கள் (ஸல்), ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அந்த வியாபாரியிடம் கேட்ட சம்பவம் நாம் அறிந்ததே. பைக்கற்றின் மேலுள்ள பெயர் குவியலின் மேற்புறம் போன்றது. பிறர் உழைத்துத் தேடிய நம்பிக்கையை மேலே பரப்பி, அடியில் வேறொன்றை வைப்பதும் அந்த ஈரத் தானியத்தின் கதையே. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் ஸூரத்துல் முதஃப்பிஃபீனை ஓதும் நாம், தராசுத் தட்டில் மட்டும்தான் மோசம் உண்டென்று ஆறுதலடைய முடியாது.

நம் வியாபாரிகள் வியாபாரக் குறியைப் பற்றி அறிந்துகொள்வது அவசியம். விண்ணப்பத்தில் முந்தியவருக்கே பொதுவாக முன்னுரிமை என்பதால், தாமதம் ஆபத்து. பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தகர் சங்கங்களும் இதற்கென ஒரு நாளை ஒதுக்கலாம். தோட்டத்து இளைஞர்களையும் அழைக்கலாம்.

என் மாணவன் விண்ணப்பித்துவிட்டான். பதில் வரும்வரை அவன் காத்திருக்க வேண்டும். நம்மவர் எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. நாளைக் காலையே அவர் தம் பைக்கற்றின் பெயரை மாற்றலாம்.