ஆணியில் மாட்டிய பெல்ட்

சோழவந்தானிலிருந்து மேலக்கால் வழியாகத் தினமும் பேருந்தில் கல்லூரிக்கு வருபவன் நான். கோச்சடை வந்ததும் என் தலை தானாகத் திரும்பும். இயந்திரங்களை ஓட்டும் வீ பெல்ட்டுகளைச் செய்யும் ஃபென்னர் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் நெஞ்சு உறுத்தும். நல்ல பெல்ட்டுகள் நான்கை நாசமாக்கியவன் நான்.

என் தந்தையார் எங்கள் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் மிஷின் பார்ப்பவர். 2019 கோடையில், எட்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், அவருக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். முதலாளி அன்று ஸ்பேராக நான்கு புதுப் பெல்ட்டுகள் வாங்கி வந்திருந்தார். அப்பாவின் கையெல்லாம் கிரீஸ். "டேய், அத எங்கிட்டாவது பத்திரமா மாட்டி வைடா" என்றார்.

எலிக்கும் மழைக்கும் எட்டாத இடம் தேடினேன். நெல் அவிக்கும் பாய்லரை ஒட்டிய சுவரில் நீண்ட ஆணி ஒன்று இருந்தது. நான்கையும் அதில் மாட்டிவிட்டு, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

2023 தை மாதம். அறுவடை நெல் மூட்டை மூட்டையாக வந்து குவிந்த சமயம், ஓடிக்கொண்டிருந்த பெல்ட் ஒன்று அறுந்தது. ஒன்று போனாலும் நான்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பழையவை நீண்டு தொய்ந்திருக்கும். புதியது ஒன்றை மட்டும் சேர்த்தால் சுமை முழுவதும் அதன் தலையில் விழும். ஆகவே ஆணியில் தொங்கிய நான்கும் புல்லியில் ஏறின. மூன்றாம் நாள் அவற்றில் இரண்டு அறுந்தன. ஆணி பதிந்த மடிப்பிலேயே வெடிப்பு.

"ஒரு சாமானப் பத்திரமா வைக்கத் தெரியாதாய்யா ஒனக்கு?" என்றார் முதலாளி. பெல்ட்டின் விலை இரண்டு மாதச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. தூக்குவாளியோடு நானும் அங்கேதான் நின்றேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இங்கே ரப்பரைப் பற்றிய பாடம் நடந்த அன்று எனக்கு வியர்த்துவிட்டது. (வேதியியல் நண்பர்கள் பொறுத்தருள்க, தெரிந்ததையே சொல்கிறேன்.) ரப்பரின் நீண்ட சங்கிலிகளைக் கந்தகத்தால் பிணைத்து உறுதியாக்கலாம் என்று 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டார். ஆயினும் சங்கிலியில் எஞ்சும் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்கி அறுக்கும். தளர்ந்து கிடக்கும் ரப்பரை அது வெடிக்க வைப்பதில்லை. இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் வெடிப்பு உண்டாகும். ஆணியில் மடிந்து தொங்கும் பெல்ட்டின் மேற்புறம் இரவும் பகலும் இழுபட்டே நிற்கிறது!

வெப்பக் கணக்கு இன்னும் கொடுமை. 29 டிகிரி செல்சியசுக்குள் வைத்தால் எட்டாண்டு வரை பெல்ட் கெடாது. அதற்குமேல் ஒவ்வொரு 8 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பெல்ட் செய்வோர் சொல்லும் கணக்கு. பாய்லர் சுவரில் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டாலும் இரண்டே ஆண்டுகள். நான் மாட்டி வைத்ததோ மூன்றரை ஆண்டுகளுக்கு மேல்.

சென்ற பொங்கல் விடுமுறையில் ஆலைக்குப் போனேன். வெயில் படாத, மோட்டாரின் தீப்பொறிக்கும் எட்டாத உள்ளறையில் வைக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். பருமனான வேப்பங்கட்டை ஒன்றை இழைத்து, மடிப்பு விழாதபடி வளைவாக்கினோம். ஐந்தடிக்கு உட்பட்ட பெல்ட்டை அப்படியே தொங்கவிடலாம். நீளமானதை மூன்று வளையமாகச் சுற்றி மாட்ட வேண்டும். முதலில் வாங்கியதை முதலில் எடுக்க வசதியாக, வாங்கிய தேதியைச் சாக்குக் கட்டியால் எழுதினேன்.

அப்போதுதான் சொன்னேன்: "அப்பா, அன்னைக்கு அத ஆணியில மாட்டுனது நாந்தான்."

"தெரியும்டா. மாட்டச் சொன்னது நாந்தான?" என்றவர், கட்டையின் ஒரு முனையைத் தூக்கினார். "அந்தப் பக்கத்தப் பிடி."