பால்வெட்டும் பாடநூலும்

நம் சங்க இதழில் அன்பர்கள் பலர் தத்தம் ஊர் நினைவுகளை எழுதி வருகின்றனர். பாறசாலைக்கு அருகே ஓர் எளிய ஊரில் பிறந்து, பிழைப்பை நாடி மும்பைக்கு வந்து, இங்கேயே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நானும் ஒன்று எழுதத் துணிந்தேன். நான் எழுதப் போவது ஊரைப் பற்றி அன்று. ஊரிலிருந்து என்னைத் தொடர்ந்து வந்த ஒரு பாடநூலைப் பற்றி.

என் தந்தையார் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி. விடியுமுன்னே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்திற்குச் செல்வார். வரிசையாக மரங்களை வெட்டி முடித்த பின், சிரட்டைகளில் பால் வடிந்து சேரும் வரையில் காத்திருத்தல் வேண்டும். மற்றவர்கள் அந்நேரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். என் தந்தையாரோ மரத்தடியில் அமர்ந்து, துணிப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்து விரிப்பார். அது கிறிஸ்தவ இறையியல் பாடநூல். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வினாக்கள் இருக்கும். விடையை அந்நூலிலேயே எழுத வேண்டும். அவர் எழுதிய விடைகளின்மேல் ரப்பர் பாலின் கறை படிந்திருக்கும்.

சனிக்கிழமை மாலைதோறும் களியக்காவிளைக்கு அப்பால் கூடும் ஒரு சிறு வகுப்பிற்கு நடந்தே செல்வார். ஒரு தையற்காரர், ஒரு சுமைதூக்கும் தொழிலாளி, ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் எனப் பலதிறத்தாரும் அங்கே மாணவர்கள். ஆசிரியர் நீண்ட சொற்பொழிவு ஆற்றுவதில்லை. வாரம் முழுவதும் வீட்டில் படித்ததையும், அவ்வாரத்தில் தாம் சந்தித்த துன்பங்களையும் மாணவர்கள் ஒருங்கே வைத்துப் பேசுவார்கள். இம்முறையை வகுத்தவர்கள் வேலியை உவமையாகக் கூறுவர். ஒரு கழி வீட்டுப்படிப்பு, மற்றொரு கழி ஊரில் செய்யும் ஊழியம், இரண்டையும் தாங்கி நிற்கும் நடுகால்களே வகுப்புக் கூட்டங்கள். ஒன்று தளர்ந்தாலும் வேலி சரிந்துவிடும்.

இவ்விரிவாக்கக் கல்வி 1963-ஆம் ஆண்டில், மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டில் தோன்றியது. கிராமத்து இளைஞர்களைத் தலைநகருக்கு அழைத்துப் பயிற்றினால், அவர்களுள் பலர் மீண்டும் கிராமத்து ஊழியத்திற்கு வருவதில்லை என்பதை அங்கிருந்த பிரெஸ்பிட்டேரியன் சபையார் கண்டனர். ஆகவே, மாணவனைக் கல்லூரிக்கு அழைப்பதை விட்டுக் கல்லூரியை மாணவனிடம் அனுப்பினர். நம் நாட்டில் இதே நோக்கத்தோடு பெங்களூரில் 'டாஃப்டி' என்னும் அமைப்பு 1971-இல் தொடங்கப்பெற்றது.

எனினும் எங்கள் எல்லைப்புறத்திற்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று. 1806-இல் ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தார். 1819-இல் மீட் ஐயர் நாகர்கோவிலில் செமினரியை நிறுவினார். பின்னர்ப் பாறசாலையும் லண்டன் மிஷனின் நிலையமாயிற்று. அக்காலத்து உபதேசியார்கள் ஊர்களில் ஊழியம் செய்துகொண்டே, குறித்த நாட்களில் மிஷன் நிலையத்தில் கூடிப் பாடம் கேட்டுத் திரும்பினர். உழைத்துக்கொண்டே கற்பதும், கற்றுக்கொண்டே உழைப்பதும் எங்கள் பாட்டனார் காலத்து வழக்கங்களே.

எங்கள் பக்கத்து ஊழியத்திற்கு மற்றொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததேயன்றி, வீட்டிற்குள் பேசும் மொழியைப் பிரிக்கவில்லை. பாட்டி தமிழில் செபிப்பாள். பேரன் மலையாளத்தில் ஆமென் சொல்லுவான். நெய்யாற்றின்கரைக்கு அருகே திருப்புறத்தில் 1847-இல் பிறந்த மோச வத்சலம் சாஸ்திரியார், தமிழ்க் கீர்த்தனைகளை மலையாளத்தில் ஆக்கித் தந்தவர். அத்தகைய மண்ணில் ஒரு மொழியை மட்டும் அறிந்தவன் பாதி வீட்டிற்குள்தான் நுழைய முடியும். என் தந்தையார் இரண்டையும் அறிந்திருந்தார். என் தமிழும் அவர் இரவில் உரக்கப் படித்த வேதாகமத்திலிருந்து வந்ததே.

ஆனால் இளமையில் நான் அவரை நினைந்து நாணினேன். அவருக்குச் சம்பளமும் இல்லை, அங்கியும் இல்லை. திருவனந்தபுரத்துக் கண்ணம்மூலையில் 1943-இல் தோன்றிய இறையியல் கல்லூரியும், மதுரை அரசரடியில் 1969-இல் தோன்றிய கல்லூரியும் உள்ளனவே. அங்கே தங்கிப் பயின்றவர்கள் அல்லவா உண்மையான போதகர்கள் என்று எண்ணினேன். ஊரில் சிலர் அவரை "அரை உபதேசி" என்று கேலி செய்தனர். அதைக் கேட்டும் நான் வாய் திறந்து மறுக்கவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகின்றது.

தந்தையார் மறைந்தபின் அவருடைய பாடநூல்கள் என்னிடம் வந்தன. நாற்பத்தைந்தாம் வயதில் நானும் அக்கல்வியைத் தொடங்கினேன். காலையும் மாலையும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே படிப்பேன். ஞாயிறு மாலை வகுப்பு. வீட்டிற்குரிய ஒரே ஓய்வுநாளும் அதற்கே போயிற்று. என் மனைவி ஒருநாள், "ஊரார்க்கு ஆறுதல் சொல்லப் படிக்கிறீர்கள், எங்களோடு பேச நேரம் எங்கே?" என்று கேட்டாள். அக்கேள்வி நியாயமானது. அன்றுமுதல் ஆண்டுக்கு ஒரு பாடம் போதுமென்று குறைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஆண்டு விடுமுறையில் ஊருக்குச் சென்றேன். நோயுற்றிருந்த ஒரு முதியவளைப் பார்த்து வருமாறு உறவினர் கூறினர். அவள் என் கையைப் பற்றிக்கொண்டு, "மக்களே, நீ வேதம் படிக்கிறாயாமே. ஒன்று கேட்கட்டுமா?" என்றாள். எங்கள் பக்கத்தில் ஒருவரையும் "மக்களே" என்றே மூத்தோர் அழைப்பர். அவளுடைய மகன் பல ஆண்டுகளுக்கு முன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவன். "அவனுக்கு அங்கே இடம் உண்டுமா?" என்று கேட்டாள்.

நான் அப்போதுதான் அப்பாடத்தில் தேர்வு எழுதியிருந்தேன். பண்டைச் சபையார் என்ன கருதினர், பின்வந்த அறிஞர் அதை எவ்வாறு மாற்றிக் கூறினர், இக்காலத்தார் என்ன சொல்கின்றனர் என்று ஒழுங்காக எடுத்துரைத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மும்பைக்குத் திரும்பியதும் வகுப்பில் இதை மறைக்காமல் கூறினேன். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு வினா விடுத்தார்: "அந்த மகனுடைய பெயர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை.

அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டு, "உங்கள் மகன் பெயர் என்ன, பாட்டி? அவன் எப்படி இருப்பான்?" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பின்பு, "இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டு எத்தனையோ வருஷமாச்சு, மக்களே" என்று தொடங்கி, அரைமணி நேரம் அவனைப் பற்றியே பேசினாள். மரச்சீனிக் கிழங்கை அவன் விரும்பி உண்டதும், கோயில் பாட்டில் முந்திக்கொண்டு குரலெடுத்ததும் அவள் சொல்லக் கேட்டேன். அவள் முன்பு கேட்ட கேள்விக்கு அன்றும் நான் தீர்ப்புக் கூறவில்லை; கடவுளின் இரக்கம் நம் இரக்கத்தைவிடச் சிறியதாக இராது என்று மட்டும் சொன்னேன்.

பின்னர்த் தந்தையாரின் பழைய பாடநூலை எடுத்துப் புரட்டினேன். பக்க ஓரங்களில் அவர் பென்சிலால் பல பெயர்களைக் குறித்திருந்தார். முன்பெல்லாம் அவற்றைக் கிறுக்கல் என்று கருதித் தள்ளியிருந்தேன். துயரத்தைப் பற்றிய பாடத்தின் ஓரத்தில், அவள் சொன்ன அதே பெயர் இருந்தது. அருகே, "தாயைப் பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

பகுதிநேரக் கல்விக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. பெரிய நூலகம் கிடைக்காது, எபிரேயமும் கிரேக்கமும் ஆழ்ந்து கற்பது அரிது, உடற்சோர்வு மிகுதி. குருத்துவ அபிஷேகம் என்பது திருச்சபை தீர்மானிப்பது. பாடநூலை முடித்ததாலேயே அது வந்துவிடாது. அதை நாடுவோர் கல்லூரியில் தங்கிப் பயிலுதலே முறை. ஆனால் அந்தக் கல்வி நம்மைத் துன்புறும் மனிதர்களிடமிருந்து ஒருநாளும் விலக்குவதில்லை. வினா அவர்கள் வீட்டில் பிறக்கின்றது. விடையும் அங்கேதான் சோதிக்கப்படுகின்றது.

நம் சங்கத்துக் குடும்பங்களில் எச்சமயத்தாராயினும், வேலைக்கு நடுவே மறைநூல் பயில விரும்புவோர் இருக்கலாம். வயதாயிற்றே என்று தயங்க வேண்டாம். வீட்டாரின் இசைவோடு சிறிது சிறிதாகப் படியுங்கள். படிக்கும் நூலின் ஓரத்தைச் சற்றே வெறுமையாக விட்டு வையுங்கள். அங்கே எழுதப்பட வேண்டிய பெயர்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன.