கட்டையின் குற்றம்



பேத்தியின் ஏர் ரைபிளுக்குப் புது மரக்கட்டை வாங்கிப் போட்டோம். 10 மீட்டரில் பெல்லட்டுகள் கண்டபடி சிதறின. "கை ஆடுது, கவனமே இல்லை" என்று திட்டினேன். அழுதுவிட்டாள்.

மறுநாள், உள்ளே பெல்லட் இல்லை என்று பார்த்துவிட்டுக் கழற்றினேன். இரும்பின் அடியில் சாக்பீஸ் பொடி தடவி, கட்டையில் வைத்து அழுத்தினேன். ஒரே ஓரத்தில்தான் வெள்ளை ஒட்டியது. அங்கே மரம் மேடு. திருகை இறுக்கியும் ஆட்டம் நிற்காதது அதனால்தான். உப்புத்தாளால் தேய்த்தேன். கட்டையும் அவளுக்கு நீளம். முழங்கை மடிப்பில் அடிக்கட்டையை வைத்தால் விரல் விசைக்கு எட்டவில்லை. ஆசாரி ஓர் அங்குலம் அறுத்துக் கொடுத்தார். பெல்லட்டுகள் ஒரே இடத்தில் விழுந்தன.

பேத்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பில், கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையையும் "கவனம் இல்லை" என்றுதானே அடித்திருப்பேன்? அந்தப் பிள்ளை இதைப் படித்தால், சாரை மன்னித்துவிடப்பா.