வெங்கச்சங்கல்லும் சாணைத்தூளும்: ஜொகூர் வீடொன்றில் கல் மெருகிடும் நாட்குறிப்பு

மார்ச் 1

கல் உருட்டி மெருகிடுதல் என்பது, கரடுமுரடான சிறு கற்களை நீருடனும் சாணைத்தூளுடனும் மூடிய பீப்பாய் ஒன்றில் இட்டு, அப்பீப்பாயை வாரக்கணக்கில் மெதுவாகச் சுழலவிட்டு, கற்களின் முனைகள் மழுங்கி மேற்பரப்பு பளபளக்கும் வரை அவற்றை ஒன்றோடொன்று உராயச் செய்யும் கைத்தொழிலாகும். சுழற்றும் வேலையை மோட்டார் செய்துவிடுவதால், மனிதருக்கு எஞ்சுபவை இரண்டே: தகுந்த கல்லைத் தேர்ந்தெடுப்பதும், ஒரு கட்டத்தின் தூள் அடுத்த கட்டத்துக்குள் நுழையாதபடி துப்புரவு காப்பதும். இவ்விரண்டிலும் கருத்தூன்றியவருக்கே கல் மெருகேறும் என்பதால், இயந்திரம் வாங்கும் முன்பே கல்லைப் பற்றிய குறிப்புடன் இந்நாட்குறிப்பு தொடங்குகிறது.

ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் மிக மென்மையான மாக்கல் 1 என்றும், வைரம் 10 என்றும் குறிக்கப்படுகின்றன. தொடக்கநிலை ஆர்வலருக்கு உகந்தவை இவ்வளவில் 7ஐ ஒட்டி நிற்கும் குவார்ட்ஸ் குடும்பக் கற்கள். ஊர்ப்புறத்தில் வெங்கச்சங்கல் எனப்படும் வெண்கல்லும், அகேட், சூதுபவளம், ஜாஸ்பர் ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜொகூரின் நிலம் இத்தேர்வில் சற்றுக் கண்டிப்பானது. குனோங் லேடாங் மலையின் கருங்கல்லில் குவார்ட்ஸும், அதனினும் சற்று மென்மையான பெல்ஸ்பாரும், நகத்தளவே கடினமான அபிரகமும் கலந்திருப்பதால், பீப்பாயில் அபிரகம் முதலில் தேய்ந்து குழிகள் விழுகின்றன. அக்குழிகளில் மெருகு ஏறுவதில்லை. தெலுக் ரமுனியா வட்டாரத்தில் பாக்சைட்டுடன் காணப்படும் செம்பூராங்கல்லோ பீப்பாயில் நொறுங்கித் தேய்ந்து செஞ்சேறாகிவிடும். மெர்சிங் கடலோரத்தின் உருமாறிய படிவுப்பாறைகளை ஊடறுத்துச் செல்லும் வெண்ணிறக் குவார்ட்ஸ் நரம்புகளே இம்மாநிலத்தில் மெருகுக்கு ஏற்ற கல் எது என்பதைக் கண்ணெதிரே காட்டுகின்றன.

மார்ச் 2

காணும் கல்லையெல்லாம் எடுத்துவரலாம் என்று எண்ணுவது பிழை. மலேசியாவின் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் கல்லையும் மணலையும் பாறைப்பொருள் என்று வகைப்படுத்தி, உரிமமின்றி அவற்றை அகற்றுவதைக் குற்றமாக்குகிறது; எண்டாவ் ரொம்பின் போன்ற தேசியப் பூங்காக்களிலோ கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவருவதுதான் முறை. ஆகவே மெர்சிங் கரைக்குச் செல்வது பாறையை அறிந்துகொள்வதற்காக மட்டும் இருக்கட்டும். பீப்பாய்க்குரிய கற்களை மீன்தொட்டிக் கடைகளிலும், பூச்செடி விற்பனை நிலையங்களிலும், இணையவழிக் கற்கடைகளிலும் வாங்குவதே நேர்மையான வழி.

வாங்கும்போது சோதனை எளிது. கண்ணாடித் துண்டின் மீது கல்லின் முனையை அழுத்தி இழுத்தால் கீறல் விழ வேண்டும். எஃகுக் கத்தியால் கல்லைக் கீறினால் கல்லில் தடம் விழாமல், கத்தியின் உலோகமே சாம்பல் நிறக் கோடாக அதன் மீது படிய வேண்டும். வெடிப்புள்ள கல்லையும் துளை மலிந்த கல்லையும் விலக்கிவிட வேண்டும். வெடிப்புள்ள கல் பாதி வழியில் உடைந்து, அதன் கூர்முனை மற்றக் கற்களையும் கீறிவிடும்.

மார்ச் 3

இயந்திரத்தைப் பொறுத்தவரை இங்குள்ளோர் முதலில் பார்க்க வேண்டியது மின்விவரம். மலேசிய வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 முதல் 240 வோல்ட் அழுத்தமும் 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணும் கொண்டது. அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்ட இயந்திரங்கள் 120 வோல்ட்டுக்கும் 60 ஹெர்ட்ஸுக்கும் உரியவை. மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்குமே ஒழிய அலைவெண்ணை மாற்றாது என்பதால், அத்தகைய சாதாரண மோட்டார் இங்கே ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுழன்று, வேண்டாத சூட்டையும் பெறும். இரவும் பகலும் ஓடப்போகும் கருவிக்கு இச்சூடு நல்லதன்று. வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுச் சுவர் பொதுவானது ஆகையால், அச்சுவரை விட்டு விலகி, காற்றோட்டமுள்ள, மழைச்சாரல் படாத இடத்தில், தடித்த ரப்பர் விரிப்பின் மேல் இயந்திரத்தை வைப்பது அண்டை அயலாருக்குச் செய்யும் மரியாதையாகும்.

ஏறத்தாழ 1.4 கிலோ கொள்ளும் ரப்பர் பீப்பாய் தொடக்கத்துக்குப் போதுமானது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலாகக் கற்கள் நிரம்ப வேண்டும். குறைவாக இட்டால் கற்கள் உயரத்திலிருந்து விழுந்து மோதிச் சில்லுடையும். நிறைய இட்டால் அசையவே இடமிருக்காது. சரியான அளவில் இருக்கும்போது, சுழலும் சுவரோடு மேலேறிய கற்களின் மேலடுக்கு மட்டும் சரிந்து இறங்க, அச்சரிவில்தான் உராய்வு நிகழ்கிறது. பெரிய கற்களுக்கு இடையே சிறியவை கலந்திருப்பதும் தேவை. சிறியவை இடைவெளிகளில் புகுந்து, பெரியவற்றின் எட்டாத வளைவுகளுக்குத் தூளைக் கொண்டுசெல்கின்றன.

சாணைத்தூளாக இன்று பயன்படுவது பெரும்பாலும் சிலிக்கன் கார்பைடு; அமெரிக்கரான எட்வர்ட் அச்செசன் மின் உலையில் உருவாக்கி 1893இல் காப்புரிமை பெற்ற இப்பொருள், மோஸ் அளவில் 9ஐத் தாண்டிய கடினம் உடையது. தூளின் எண் அதைச் சலித்த சல்லடையைக் குறிக்கும். 60 என்றால் ஓர் அங்குல நீளத்தில் 60 கண்கள் என்று பொருள், ஆகவே எண் கூடக்கூடத் தூள் நுண்மையாகும். முதற்கட்டத்துக்கு 60/90 எண் தூள் நான்கு மேசைக்கரண்டி இடப்பட்டு, கற்களின் மேலடுக்கு தலைகாட்டும் அளவுக்கு நீர் ஊற்றப்பட்டு, பீப்பாயின் விளிம்பு துடைக்கப்பட்டு மூடி இறுக்கப்பட்டது. விளிம்பில் தூளின் ஒரே ஒரு மணி ஒட்டியிருந்தாலும் அவ்வழியே நீர் கசியும்.

மார்ச் 10

பீப்பாய் திறக்கப்பட்டது. உள்ளே நீருக்குப் பதிலாக, பாலேடு போன்ற தடிப்புள்ள சாம்பல்நிறக் குழம்பு நிறைந்திருந்தது. கற்களிலிருந்து தேய்ந்த மாவும் நொறுங்கிய சாணைத்தூளும் சேர்ந்ததே இக்குழம்பு. விரல்நுனியில் தேய்த்துப் பார்க்கையில் தொடக்கத்தில் இருந்த நறநறப்பு காணப்படவில்லை. தூளின் வெட்டும் முனைகள் ஓய்ந்துவிட்டன என்பதற்கு இதுவே அடையாளம். ஒரு வாரத்துக்கு ஒருமுறை புதுத்தூள் இடுவதற்குக் காரணமும் இதுவே. சில வகைக் கற்கள் உள்ளே வாயுவை உண்டாக்கி மூடியை உப்பச் செய்யும் என்பதால், முதல் நாட்களில் ஒருமுறை திறந்து மூடிவிடுவது பாதுகாப்பானது.

குழம்பைக் கைகழுவும் தொட்டியிலோ வீட்டு வடிகாலிலோ ஊற்றவே கூடாது. குழாயின் வளைவில் படிந்து சிமிட்டிபோல் இறுகிவிடும். வாளியில் ஊற்றித் தெளியவிட்டு, மேல்நீரை மண்ணில் விட்டு, அடிவண்டலை ஈரம் முற்றும் காயுமுன் பையிலிட்டுக் கட்டிக் குப்பையில் சேர்ப்பதே முறை. ஜொகூரில் இதற்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரமே போதும். வீட்டு வளாகத்தில் கொசுப்புழுவுக்கு இடமளிப்பது 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. ஆகவே தெளியவைத்த வாளியை இறுக மூடிவைப்பதும், வாரம் முடியுமுன் அதைக் காலிசெய்வதும் டெங்கிக் காய்ச்சலுக்கு இடங்கொடாத பொறுப்பாகும்.

மார்ச் 17

பீப்பாய்க்குப் புதுத்தூள் இடப்பட்டு, முதற்கட்டம் தொடர்கிறது. இக்காத்திருப்பின் இடையே இத்தொழிலின் மூதாதையரை நினைப்பது தகும். மின்சாரம் வருமுன்னரே குஜராத்தின் கம்பாத் நகரத்து மணித்தொழிலாளர் இதே முறையைக் கையால் செய்துவந்தனர்: நெருப்பில் சுட்டு நிறமேற்றி, கொம்புச் சுத்தியால் தட்டி உருவாக்கிய சூதுபவள மணிகளைச் சாணைத்தூளும் நீரும் சேர்த்துத் தோற்பையில் கட்டி, இருவர் எதிரெதிரே அமர்ந்து அப்பையை நாட்கணக்கில் உருட்டினர். தோற்பையின் இடத்தை இன்று மின்மோட்டாரால் சுழலும் பீப்பாய் பிடித்துக்கொண்டது. உராய்வின் தத்துவம் மட்டும் மாறவில்லை.

தமிழகத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில், முற்றுப்பெற்ற மணிகளோடு, செய்து முடிக்கப்படாத நிலையில் பல்வேறு கட்டங்களில் கைவிடப்பட்ட மணிகளும் கிடைத்தன. ஆகையால் அது மணிகள் விலைபோன ஊர் மட்டுமன்று, அவை உருவான பட்டறையும் ஆகும். கடல் கடந்து தாய்லாந்தின் காவ் சாம் கேயோவில் கிடைத்த கல்மணிகள், இந்தியக் கைநுட்பம் பொது ஆண்டுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே மலாய்த் தீபகற்பத்தை எட்டிவிட்டதைக் காட்டுகின்றன. ஜொகூரும் இக்கதைக்கு வெளியே இல்லை. இங்குப் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி ஜெரால்ட் கார்ட்னர், ஜொகூர் ஆற்றங்கரையில் திரட்டிய பழைய மணிகளை இத்தீபகற்பத்தின் தொன்மையான கடல்வழித் தொடர்புகளுக்குச் சான்றாக முன்வைத்து, 1937இல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் எழுதினார்.

மார்ச் 24

முதற்கட்டத்தை முடிப்பதா நீட்டிப்பதா என்பதை நாட்காட்டி தீர்மானிக்கலாகாது, கல்லே தீர்மானிக்க வேண்டும். நனைந்த கல் எப்போதும் மெருகேறியதுபோல் தோன்றி ஏமாற்றும் ஆதலால், கற்கள் துணியில் பரப்பி நன்கு உலர்த்தப்பட்டு, ஒவ்வொன்றாக விளக்கொளியில் திருப்பிப் பார்க்கப்பட்டன. குழியோ கூர்முனையோ எஞ்சியவை அடுத்த முறைக்கு ஒதுக்கப்பட்டன. உருண்டு, சீராக மங்கியவை மட்டும் முன்னேறின. முதற்கட்டத்தில் நீங்காத குழி பின்னர் எக்கட்டத்திலும் நீங்காது. பின்வரும் நுண்தூள்களுக்குக் கல்லின் வடிவைத் திருத்தும் வலுவில்லை.

அடுத்தது துப்புரவு. பீப்பாயின் உட்புற மடிப்புகளும் மூடியின் அடிப்பக்கமும் தூரிகையால் தேய்த்துக் கழுவப்பட்டன. 60 எண் தூளின் ஒரு மணி இறுதிக் கட்டம் வரை தப்பிப் பிழைத்தால், வாரக்கணக்கான உழைப்பின் மேல் அது கீறல் இட்டுவிடும். பின்னர் 120/220 எண் தூளோடு இரண்டாம் கட்டம் தொடங்கியது.

ஏப்ரல் 7

ஒரு வாரம் இரண்டாம் கட்டமும், மறுவாரம் 500 எண் தூளில் மூன்றாம் கட்டமும் முடிந்தன. கற்கள் இப்போது உலர்ந்த நிலையிலும் பட்டுத்துணியின் மென்மை உடையன. குறைந்துபோன கன அளவை ஈடுசெய்யவும் மோதலைத் தணிக்கவும் பிளாஸ்டிக் குறுணைகள் சேர்க்கப்பட்டு, அலுமினியம் ஆக்சைடு நுண்தூளோடு மெருகுக் கட்டம் இன்று தொடங்குகிறது.

ஓர் எச்சரிக்கையை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். குவார்ட்ஸ் கல்லின் உலர்ந்த தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயை உண்டாக்கும்; கம்பாத்தில் அகேட் கல்லை உலர்நிலையில் சாணைபிடித்த தொழிலாளர் பலர் இந்நோய்க்கு இரையாகியிருப்பது மருத்துவ ஆய்வுகளில் பதிவானது. மூடிய பீப்பாயில் நீரோடு நடக்கும் மெருகிடல் இத்தூளைக் காற்றில் எழ விடுவதில்லை என்பதே வீட்டுக்கு ஏற்ற இதன் பெருஞ்சிறப்பு. ஆனால் சிந்திய குழம்பு தரையில் உலர்ந்தபின் துடைப்பத்தால் பெருக்கினால் அச்சிறப்பு பறிபோகும். ஆகவே சிந்தியதை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட வேண்டும். கல்லை உடைக்க நேர்ந்தால் நனைத்து, கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்து உடைக்க வேண்டும்.

ஏப்ரல் 15

நேற்றுக் கழுவப்பட்ட கற்கள், சோப்புச் சீவலும் நீரும் இட்ட பீப்பாயில் ஓர் இரவு உருண்டு, ஒட்டியிருந்த மெருகுத்தூள் நீங்கி வெளிவந்தன. உலர்ந்த வெங்கச்சங்கல்லை மேற்கூரைக் குழல்விளக்கின் கீழ்ப் பிடித்தபோது, விளக்கின் பிம்பம் அதன் வளைவில் கோடாகத் தெரிந்தது. அக்கோட்டின் இரு விளிம்புகளும் கலங்காமல் இருப்பதே நல்ல மெருகுக்கு அளவுகோல். ஒரு சில கற்களில் மட்டும் கோடு மங்கலாகக் கலைந்தது. அவை 500 எண் கட்டத்துக்குத் திரும்பும்.

ஒவ்வொரு கட்டத்தின் தேதி, தூளின் அளவு, கற்களின் எடை, திறந்தபோது கண்ட குழம்பின் தன்மை ஆகியவற்றை இவ்வாறு பதிவுசெய்வதால், மங்கிய கல்லின் காரணத்தை ஊகிக்க வேண்டியிருக்காது, பின்னோக்கிச் சென்று கண்டறியலாம். தொடங்க விரும்புவோர் இயந்திரத்தோடு ஒரு குறிப்பேட்டையும் வாங்கி, முதல் முறைக்கு ஒரே வகைக் கல்லை மட்டும் தேர்வார்களாக. அவர்கள் கற்பது பொழுதுபோக்கு ஒன்றை மட்டுமன்று; கடைகளில் மலிவாகத் தொங்கும் ஒவ்வொரு சூதுபவள மாலைக்கும் பின்னே எத்தனை மணிநேர உராய்வும், எவருடைய மூச்சும் செலவாகியிருக்கின்றன என்பதையும் அவர்கள் அறிந்துகொள்வார்கள். அந்த அறிவு, வாங்கும் பொருளுக்கு நியாயமான விலை கொடுக்கவும், அதைச் செய்த கைகளை மதிக்கவும் பழக்குமாயின், பீப்பாய் சுழன்ற வாரங்கள் வீணாகவில்லை.