எடைக்கு வாங்கிய தாலர்

பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் தன் ஆட்சியில் நடந்ததையெல்லாம் வெள்ளியில் பதியவைத்தவர். சுங்க ஒன்றியம், நியூரம்பெர்க்–ஃபூர்த் ரயில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாலர் வெள்ளிக்காசு; டான்யூப்–மைன் கால்வாய்க்கு இரட்டைத் தாலர். அவற்றில் எனக்கு உயிர், 1828இல் வந்த குடும்பத் தாலர். ஒரு பக்கம் மன்னர். மறுபக்கம் நடுவில் அரசி தெரேசா, சுற்றிலும் எட்டுப் பிள்ளைகளின் முகங்கள். அச்சு வெட்டிய கார்ல் ஃபோய்க்ட், அந்தச் சின்னஞ்சிறு வட்டங்களுக்குள் எட்டுப் பேரையும் எட்டுப் பேராகவே காட்டியிருக்கிறார். அதில் ஒருவரான ஓட்டோ பின்னாளில் கிரேக்கத்துக்கே மன்னரானார்.

அந்தத் தாலர் என்னிடம் இருக்கிறது. அதை நேர்மையாக வாங்கவில்லை.

மியூனிக்கில் ஒரு மூதாட்டி, காலமான கணவரின் காசுப் பெட்டியை என் முன் திறந்துவைத்தார். "எல்லாம் வெள்ளிதானே, வெள்ளி விலைக்கு எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். பெரும்பாலும் ஜெர்மன் பேரரசுக் காலத்து மூன்று மார்க் காசுகள். லைப்சிக் போர் நினைவுச்சின்னத்துக்காக 1913இல் சாக்சனி பத்து லட்சம் அளவில் அடித்ததும் இருந்தது. அடியில் குடும்பத் தாலர். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. எடை 28 கிராம், அதில் ஆறில் ஐந்து பங்கு வெள்ளி என்று கணக்குப் போட்டேன். அதை மட்டும் கேட்டால் சந்தேகம் வரும் என்று, எனக்குத் தேவையே இல்லாத மற்றவற்றையும் சேர்த்து எடைக்கு வாங்கினேன். அந்தத் தாலருக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை வெள்ளி விலையைப்போலப் பல மடங்கு.

காசு சேகரிக்கும் எங்களிடையே இதற்கு ஒரு சமாதானம் உண்டு: படித்துத் தெரிந்துகொண்டவனுக்கு அது கூலி என்போம். ஏலத்திலும் கடையிலும் அது செல்லும். அங்கே எதிரில் இருப்பவரும் விலை அறிந்தவர். ஆனால் அந்த அம்மா என்னை நம்பிக் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு ஏமாற்றினேன்.

முகவரி என்னிடம் இருந்தது. மீதிப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் செய்ததைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று தள்ளிப்போட்டேன். அவர் இறந்த செய்தி வந்தபோது முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. பெட்டியை எடைக்கு வாங்கியதைவிட இதை எழுதத்தான் எனக்கு அதிகம் கூசுகிறது: ஒரு மரணத்தில் நான் நிம்மதி கண்டேன்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் விட்டுப்போன பழங்காசுகள் இருந்தால் எடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆண்டையும் எழுத்துகளையும் குறித்துக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டு வியாபாரிகளிடம் தனித்தனியாக விலை கேளுங்கள். வாங்க வந்தவரிடமே விலை கேட்காதீர்கள்.