கவனமா இருந்தா மட்டும் போதுமா?

மலையகத்துத் தீ விபத்துச் செய்திக்கு மாறாத ஓர் அச்சு இருக்கு. தோட்டத்தின் பெயர், எரிந்த லயன் வீடுகளின் எண்ணிக்கை, நிர்க்கதியான குடும்பங்கள், "மின்னொழுக்கு காரணமாக இருக்கலாம்" என்ற பொலிஸாரின் சந்தேகம், கடைசியா தோட்டப் பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ தங்கவைப்பு. ஹட்டன், மஸ்கெலியா, லிந்துலை, தலவாக்கலைன்னு ஊர் மட்டும்தான் மாறும். ரெண்டு நாள்ல அது பழைய செய்தி.

கூடவே ஓர் அறிவுரையும் வரும்: "சனங்க கவனமா இருக்கணும்." லயத்துல பொறந்து வளர்ந்த எங்களுக்கு அதைக் கேட்டா கொஞ்சம் கோபம்தான் வருது. ஒரு வீட்டில விழுந்த பொறி எப்படி இருபது வீட்டை எரிக்குதுன்னு அந்த அறிவுரை கேட்கிறதே இல்ல.

லயத்தோட கட்டமைப்பைப் பாருங்க. கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் கூலியாட்களை அடைக்கக் கட்டின வரிசை அது. 10க்கு 12 அடி காம்பரா, முன்னால ஓர் இஸ்தோப்பு. நிறைய லயங்கள்ல நடுச்சுவர் கூரை வரைக்கும் போறதில்ல. தகரத்துக்குக் கீழே வரிசையா மரச்சட்டம், பல வருஷப் புகை பிடிச்சு கருத்துப்போயிருக்கும். அடுப்புக்கு மேல பரண்ல கவ்வாத்து மிலாறு காயும். குளிருக்கும் ஒழுக்குக்கும் பயந்து உர பேக்கும் காட்போட்டும் அடிச்சிருப்போம். தீ ஒருதரம் மேலே ஏறிட்டா, அதுக்கு நடுச்சுவர் கணக்கே இல்ல.

மின்சாரமும் அப்படித்தான். ரெண்டு பல்புக்காக இழுத்த வயர்ல இன்னைக்கு டீவி, அயன், ரைஸ் குக்கர் எல்லாம் ஓடுது. ஒரே பிளக்ல மூணு மல்டி பிளக். நுவரெலியாவிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ தீயணைப்பு வண்டி குண்டும் குழியுமான தோட்டத்து ரோட்டில ஏறி வர்றதுக்குள்ள, பீலியிலிருந்து வாளி வாளியா தண்ணி ஊத்தி சனங்களே அணைச்சிருப்பாங்க, இல்லன்னா எல்லாம் முடிஞ்சிருக்கும்.

இதுல எரியறது உடுப்பும் கட்டிலும் மட்டுமில்ல. 1948 குடியுரிமைச் சட்டம் எங்க தாத்தா பாட்டியை நாடற்றவங்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களை எண்ணிப் பிரிச்சது. மிச்சமிருந்தவங்களுக்குக் குடியுரிமை கொடுக்கிற சட்டம் 2003லதான் வந்தது. அதனாலதான் எங்க வீடுகள்ல பிறப்புச் சான்றிதழ் நகைக்குச் சமமா தகரப் பெட்டிக்குள்ள இருக்கும். அந்தப் பெட்டி எரிஞ்ச வீட்டுக்காரங்க, தாங்க யாருன்னு நிரூபிக்க மறுபடியும் வரிசையில நிற்கணும்.

கவனம் சொல்லிக் கொடுக்கிறதுக்கும் பொருளை மாத்துறதுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நம்ம நாட்டிலேயே உதாரணம் இருக்கு. போத்தல் லாம்பு கவிழ்ந்து எரிகாயத்தோட வந்தவங்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, "லாம்பைத் தட்டிவிடாதீங்க"ன்னு சொல்லிட்டு நிறுத்தல. மார்மைட் போத்தலைப் பார்த்து, குட்டையான, கனமான, உருண்டு போகாம ரெண்டு பக்கமும் தட்டையான, திருகு மூடி போட்ட ஒரு கண்ணாடி லாம்பை வடிவமைச்சார். அதுக்கு 1998ல ரோலெக்ஸ் விருது கிடைச்சது. கவிழ்ந்தாலும் எண்ணெய் கொட்டாத லாம்பு இருந்தா, அசந்து தூங்கின அம்மாவைக் குத்தம் சொல்ல வேண்டியதில்ல.

லயமும் மாறணும். 7 பேர்ச்சஸ் காணியில தனி வீடு கேட்கிறப்போ, காணி உரிமையோட சேர்த்து உயிர்ப் பாதுகாப்பையும்தான் கேட்கிறோம். அது வர்ற வரைக்கும் கூரை வரை நடுச்சுவர், புகைக்கூண்டு, வீட்டுக்கு வீடு ட்ரிப் சுவிட்ச், பழைய வயர் மாற்றம் இதெல்லாம் தோட்ட நிர்வாகத்திடமும் நாம ஓட்டுப் போட்ட உறுப்பினர்களிடமும் கேட்க வேண்டியவை. லயம் நம்ம பேர்ல இல்லாததால நாமளா ஒரு சுவர் எழுப்பவும் அனுமதி கேட்கணும். அப்போ பொறுப்பும் அனுமதி கொடுக்கிறவங்களுக்குத்தானே?

அதுவரை நம்ம கையில உள்ளதைச் செய்யலாம். மிலாறை அடுப்புக்கு நேர் மேல காய வைக்காம தள்ளி வைக்கலாம். விடியக்காலை பிரட்டுக்கு முன்னாடி அவசரமா சமைக்கிற அம்மா, நைலோன் நைட்டியோட அடுப்புக்கிட்ட நிக்காம பருத்தி உடுப்புல நிக்கட்டும், நைலோன் உருகித் தோல்ல ஒட்டிக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு நெருப்பை விட சுடுதண்ணி ஆபத்து. குளிப்பாட்ட வாளியில முதல்ல பச்சைத்தண்ணி, பிறகு சுடுதண்ணி. எண்ணெய்ச் சட்டி பத்திக்கிட்டா தண்ணி ஊத்தாம மூடியால மூடி அடுப்பை அணைக்கணும். 2021 கடைசியில நாடு முழுக்க கேஸ் வெடிப்புகள் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். கேஸ் காத்தை விடக் கனம், தரையில தங்கும். வாசம் வந்தா சுவிட்சைத் தொடாம கதவைத் திறந்து வெளியே வாங்க.

சுட்டுட்டா பற்பசை, ஐஸ், எண்ணெய் எதுவும் வேணாம். மோதிரம், வளையலைக் கழட்டி, ஓடுற சாதாரணத் தண்ணியில 20 நிமிஷம் பிடிங்க. நம்ம குளிருக்கு உடம்பின் மத்த பகுதியைக் கம்பளியால போர்த்தணும். பெரிய காயம்னா 1990 அம்பியூலன்ஸ், தீன்னா 110.

ஒரு வேலை இந்த வாரமே செய்யலாம். வீட்டிலுள்ள எல்லாருடைய பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் போன்ல படமெடுத்து, டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு அனுப்பி வையுங்க. பிறகு பக்கத்து வீட்டு அக்காவோடதையும் எடுத்துக் கொடுங்க. கூரை ஒண்ணுதானே.